கதிரையில் இருந்து மெல்பேர்ண் வரை

திருகோணமலையில் இருந்து மெல்பேர்ணுக்கு இனி ஒருவரும் போகக்கூடாது என்று அருளம்பலம் உத்தரவு போட்டது ஒரு வெள்ளிக்கிழமை காலை, புட்டுக்கும் சம்பலுக்கும் நடுவில். ஒருவரும் என்றால் ஊர்ச்சனம் முழுவதும் இல்லை. அவருடைய உத்தரவு வீட்டு மதிலைத் தாண்டிப் போவதில்லை. மதிலுக்கு உள்ளேயே அது எவ்வளவு தூரம் செல்லும் என்பது அயலுக்குத் தெரிந்த கதை. ஒருவரும் என்றால் அவருடைய மனைவி தவமலர், அவ்வளவுதான்.

மகள் தயாளினி மெல்பேர்ணில் இருக்கிறாள். அடுத்த மாதம் அவளுக்கு முதற் பிரசவம். அப்பாவும் அம்மாவும் வரவேண்டும் என்று இரண்டு பேருக்கும் விசா எடுத்து வைத்துவிட்டு, ரிக்கற் போட ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தாள். அருளம்பலம் தன் சொல்லை எப்போதோ சொல்லிவிட்டார். "நான் பிளேன் ஏறமாட்டன்." மகளிடம் மட்டும் சொல்லியிருந்தால் மெல்ல மாற்றிக்கொள்ளலாம். மனிதர் சந்தையில் சொன்னார், சலூனில் சொன்னார், காளி கோயில் வாசலில் செருப்புக் கழற்றும்போதும் சொன்னார். ஊரெல்லாம் அறிந்த வீரத்தை எப்படித் திருப்பி எடுப்பது?

முப்பது வருடம் துறைமுகக் கந்தோரில் இருந்தவர். எந்தக் கப்பல் எந்த ஊரில் இருந்து வருகிறது, வந்து சேர எத்தனை நாள் ஆகும் என்று மற்றவர்களுக்குச் சொல்வதே அவர் வேலை. தான் கடந்த கடல் என்று பார்த்தால் கொட்டியாரக் குடா ஒன்றுதான். தவமலரைப் பெண் பார்க்கக் கட்டைபறிச்சானுக்குப் போன அன்று, மூதூர் லோஞ்சுப் படகில், கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கடந்தார். கரை வந்த பிறகும் கொஞ்ச நேரம் திறக்கவில்லை என்று மாமனார் வீட்டில் இன்னும் சொல்லிச் சிரிப்பார்கள்.

"நாலாயிரத்து ஐந்நூறு கடல்மைல்," என்றார் இப்போது. "நூல் வைச்சு அளந்து பாத்தனான்."

"எதில அளந்தனீங்கள்?"

"பிள்ளையின்ர பழைய பூமி உருண்டையில. கொழும்பில ஒரு நுனி, மெல்பேர்ணில மற்ற நுனி. அவுஸ்திரேலியாக் கரை வரும்வரைக்கும் ஒரு பொட்டு நிலமும் இல்லை. முழுக்கத் தண்ணி. கப்பலெண்டால் ரெண்டு கிழமை."

"நான் என்ன கப்பலிலயே போறன்? பிளேனில பத்தரை மணித்தியாலமாம்."

"அதைத்தான் சொல்லுறன். பத்தரை மணித்தியாலம் ஒரு கதிரையில இருக்கவேணும். நீ இருப்பியோ?"

"ஏன், எனக்கென்ன?"

"நீ இருந்து நான் காணேல்ல."

அவர் சொன்னதில் பொய் இல்லை. முப்பத்தைந்து வருடக் கலியாண வாழ்க்கையில் தவமலர் ஓர் இடத்தில் முழுதாக அமர்ந்து இருந்ததை யாரும் கண்டதில்லை. கலியாண வீட்டில் தாலி கட்டும் நேரம் அவள் சமையல் பக்கம் நிற்பாள். தொலைக்காட்சி நாடகத்தைக் கதவு நிலையில் சாய்ந்தபடி, கையில் வெங்காயத்தோடு பார்ப்பாள். மட்டக்களப்பு பஸ்ஸில் சீற் கிடைத்தால், ஏறுகிற முதல் கர்ப்பிணிக்கு எழும்பிக் கொடுப்பாள். கர்ப்பிணி ஏறாவிட்டால் பள்ளிக்கூடப் பிள்ளைக்குக் கொடுப்பாள்.

"வேலை கிடக்கிறபடியால் நிக்கிறன்," என்றாள் தவமலர். "வேலை இல்லாட்டி இருப்பன்தானே."

"அது சாட்டு. உன்ர உடம்பில ஒரு இடத்தில இருக்கிற பழக்கமே இல்லை. நீ அந்தப் பிளேனில எழும்பி நிண்டு, எல்லாருக்கும் தேத்தண்ணி ஊத்தப் போவாய். உன்னைப் பிடிச்சு வழியில எங்கயாவது இறக்கி விடுவாங்கள். மற்றது, நீ போனால் இந்த வீட்டை ஆர் பாக்கிறது? எனக்கு ஒரு தேத்தண்ணி வைக்கவும் தெரியாது."

இந்தக் கடைசி வசனத்தை அவர் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். சில ஆண்கள் அதை ஒரு பட்டம் மாதிரித்தான் வைத்திருக்கிறார்கள்.

உண்மையை நாங்கள் சொல்லிவிடுவோம், அவர் சொல்லமாட்டார். தவமலர் மூன்று மாதம் இல்லாத வீட்டை நினைக்கவே அவருக்குப் பயமாக இருந்தது. சோற்றுக்காக மட்டும் இல்லை. காலையில் கண் விழித்ததும் குசினியில் அவள் பாத்திரத்தைத் தட்டும் சத்தம் கேட்காவிட்டால் அந்த நாளை எங்கேயிருந்து தொடங்குவது என்று அவருக்குத் தெரியாது. அதைச் சொல்ல வெட்கம். ஆகவே கடல்மைல் சொன்னார்.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. அதை யோசித்த தலையை அவரே தடவிக் கொடுத்தார்.

"சரி. ஞாயிற்றுக்கிழமை இருந்து காட்டு. இந்த நடுவீட்டுக் கோலில, ஒரு கதிரையில, பத்தரை மணித்தியாலம். காலமை ஏழு மணிக்கு ஏறு, பின்னேரம் அஞ்சரைக்கு இறங்கு. இருந்தியெண்டால் போ. நான் மறிக்கமாட்டன். இடையில எழும்பினியெண்டால் இந்த வீட்டில மெல்பேர்ண் எண்ட சொல்லே இருக்கக்கூடாது."

தவமலர் கொஞ்சம் யோசித்தாள். பிறகு எழும்பிப் போய் – அவள் ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தாள் – மதிலடியில் நின்று, "றஹ்மா, ஒருக்கா வாருமன்," என்று கூப்பிட்டாள்.

பக்கத்து வீட்டு றஹ்மா மதிலுக்கு மேலே தலையைக் காட்டினாள். இரண்டு வீட்டுக் கறியும் செய்தியும் அந்த மதிலால்தான் போய்வரும். விஷயத்தைக் கேட்டுவிட்டு, சிரிக்காமல் இருக்க முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நீங்க சாட்சிக்கு நிக்கவேணும்," என்றாள் தவமலர். "இவர் பிறகு மாத்துவார்."

"நான் ஏன் மாத்துறன்?" என்றார் பின்னாலேயே வந்து நின்ற அருளம்பலம். "இது சட்டம். பத்தரை மணித்தியாலம் கதிரையில இருக்க ஏலாதவை பிளேன் ஏறக்கூடாது."

"சட்டம் எல்லாருக்குமோ?" என்றாள் தவமலர்.

"சட்டமெண்டால் எல்லாருக்கும்தான்."

"கக்கூசுக்குப் போகலாமோ?"

"போகலாம். பிளேனிலயும் போறவைதானே. ஆனால் குசினிப் பக்கம் கால் வைக்க ஏலாது. தும்புத்தடியைத் தொட்டுக் கூட்ட ஏலாது."

"சாப்பாடு?"

"பிளேனில கொண்டுவந்து தருவினம்."

"ஆர்?"

அருளம்பலம் வெற்றியின் மணத்தில் நின்றார். அந்த மணத்தில் நிற்கிறவர்களுக்கு வேறு எதுவும் மணப்பதில்லை. "நான் தருவன்," என்றார்.

"அண்ணன் சொன்னதை நான் கேட்டன்," என்றாள் றஹ்மா.

ஞாயிற்றுக்கிழமை காலை அருளம்பலம் கதிரையைத் தானே தூக்கி வைத்தார். இடத்தைத் தேர்ந்தெடுத்ததில் ஒரு கொடுமை இருந்தது. அந்த இடத்தில் இருந்தால் இடப் பக்கம் குசினி தெரியும், வலப் பக்கம் யன்னலால் தெருவாசல் படலையும் கீரைப் பாத்தியும் தெரியும். எங்கே என்ன குறை நடந்தாலும் தவமலர் கண்ணில் படும். படவேண்டும் என்பதுதான் திட்டம். அரை மணித்தியாலம் தாங்குவாள் என்று கணக்குப் போட்டார்.

தவமலர் குளித்து, நல்ல சேலை உடுத்து, கைப்பையோடு வந்து இருந்தாள். அவர் தன் பழைய சால்வையை அவள் இடுப்பைச் சுற்றிக் கதிரையோடு கட்டினார். அவள் கைப்பேசியை எடுத்து பிளைட் மோட்டில் போட்டாள்.

"அதேன்?"

"பிளேனில போடவேணுமாம். பிள்ளை சொன்னவள்."

சீனக்குடாப் பக்கம் இருந்து பயிற்சி விமானம் ஒன்று உறுமிக்கொண்டு வீட்டுக்கு மேலால் போனது. "எழும்பிட்டுது," என்றாள் தவமலர், திருப்தியாக.

முதல் பத்து நிமிடம் அருளம்பலத்துக்கு ஆனந்தம். அவள் கண் தும்புத்தடிக்குப் போனது, குசினிக்குப் போனது, மீண்டும் தும்புத்தடிக்கு வந்தது. கை விரல்கள் மடியில் வெங்காயம் உரித்தன. அவர் வேண்டுமென்றே முற்றத்தில் இறங்கி, ஈர மண்ணில் நன்றாக மிதித்து, அப்படியே கோலுக்குள் நடந்தார். போய்த் திரும்பி வந்தார். தவமலர் கண்ணை மூடினாள். தோற்கப் போகிறவளின் கடைசிப் பிரார்த்தனை என்று அவர் நினைத்தார்.

சிறிது நேரத்தில் மெல்லிய குறட்டை கேட்டது.

இது அவர் கணக்கில் இல்லை. முப்பத்தைந்து வருடமாக அவள் அவருக்குப் பிறகு படுத்து அவருக்கு முன் எழும்பினவள். அவள் குறட்டை விடுவாள் என்பதே அவருக்கு அன்றுதான் தெரியும். பக்கத்தில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வயிறு பேசியது. காலைத் தேத்தண்ணி இன்னும் இல்லை.

சட்டையைப் போட்டுக்கொண்டு, கடையில் இடியப்பம் வாங்கலாம் என்று படலையைத் திறந்தார்.

"அண்ணன், எங்க போறீங்க?" மதிலுக்கு மேலே றஹ்மா.

"கடைக்கு."

"பறக்கிற பிளேனில இருந்து சாப்பாடு குடுக்கிற ஆள் இறங்கிக் கடைக்குப் போறதோ? அக்கா பயணத்தை நிப்பாட்டிட்டா எண்டு நான் சொல்லமாட்டன், நீங்கதான் நிப்பாட்டினதெண்டு சொல்லுவன்."

அருளம்பலம் படலையைச் சாத்தினார். சட்டத்துக்கு இத்தனை வால் முளைக்கும் என்று அவர் நினைக்கவில்லை. ஆனாலும் விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை. ஒரு தேத்தண்ணி வைக்கத் தெரியாதவனா நான், என்று தன்னிடமே கோபப்பட்டுக்கொண்டு குசினிக்குள் போனார். தெரியாதவன் என்று வெள்ளிக்கிழமை நெஞ்சை நிமிர்த்திச் சொன்னவர் அவர்தான்.

"மலர், சீனி எங்க?"

கண் திறக்காமல் பதில் வந்தது. "நான் கடலுக்கு மேல போய்க்கொண்டிருக்கிறன்."

"சீனிப் போத்தல் எங்கயெண்டு கேட்டன்."

"இஞ்ச இருந்து தெரியேல்ல. முழுக்கத் தண்ணி."

அலுமாரியில் இருந்த எல்லாப் போத்தலையும் திறந்து நக்கிப் பார்த்தார். மூன்றாவது உப்பு, ஐந்தாவது சோடாத்தூள். சீனி கண்ணுக்கு முன்னால் மேசையில் இருந்தது. தேத்தண்ணியைக் கொண்டுவந்து நீட்டினார். தவமலர் ஒரு வாய் குடித்தாள். யோசித்தாள்.

"சாயம் கூடிப்போச்சு. அடுத்த முறை தண்ணி நல்லாக் கொதிச்ச பிறகு போடுங்கோ."

அடுத்த முறையா, என்று கேட்க வாயெடுத்தார். படலையில் ஹோர்ன் அடித்தது. மோட்டார் சைக்கிளில் மீன் கொண்டுவரும் கிண்ணியா அலியார்.

"அக்கா எங்க?" என்றார் அலியார்.

"பிளேனில."

"அல்லாஹ்வே, எப்ப போனா?"

"காலமை ஏழு மணிக்கு."

அலியார் யன்னலால் எட்டிப் பார்த்தார். தவமலர் கதிரையில் இருந்தபடியே கை காட்டினாள். அலியார் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருக்கத் தெரிந்தபடியால்தான் அவர் வியாபாரம் நன்றாக ஓடுகிறது.

அருளம்பலம் சூடை வாங்கினார். அதிலும் ஒரு திட்டம். விரலளவு மீன், ஒவ்வொன்றாக ஆய வேண்டும். தான் அதை அலங்கோலமாக ஆய்வதைக் கண்டால் அவளால் பொறுக்க முடியாது, கத்தியைப் பறிக்க எழும்புவாள். ஆகவே கோலில் இருந்து நன்றாகத் தெரியும்படி குசினி வாசலில் குந்தினார். செதிலில் பாதி மீனில் இருந்தது, பாதி அவர் மீசையில் இருந்தது. ஓரக்கண்ணால் பார்த்தார். தவமலரின் இரண்டு கையும் கதிரைப் பிடியை இறுக்கிப் பிடித்திருந்தன.

"என்ன, எழும்பப் போறியோ?"

"இல்லை. பிளேன் கொஞ்சம் ஆடுது. அப்பிடித்தான் ஆடுமாம். பிறகு சரிவரும்."

சரி வந்தது. அவருக்குத்தான் வரவில்லை. மீனைத் தொடங்கினால் முடிக்க வேண்டும், முடித்தால் காய்ச்ச வேண்டும், காய்ச்ச தேங்காய் வேண்டும், தேங்காய்க்குத் திருவலை வேண்டும். ஒரு வேலையின் வாலைப் பிடித்து இன்னொரு வேலை வந்தது. தேங்காயைத் திருவிக்கொண்டிருக்கும்போது சோறு பொங்கி அடுப்பில் ஊற்றியது, அதைத் துடைக்கும்போது பருப்பு அடிப்பிடித்தது. தான் காலையில் மிதித்துக் கொண்டுவந்த மண் இப்போது அவருடைய காலிலேயே நறுநறு என்றது. பொறுத்துப் பார்த்தார். கடைசியில் தும்புத்தடியை எடுத்துக் கூட்டினார்.

"கதிரைக்குக் கீழயும் கூட்டுங்கோ," என்றாள் பயணி, இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு.

மத்தியானம் தாண்டிய பிறகுதான் அவர் காத்திருந்த தெய்வம் வந்தது. நாலு கால், கொம்பு, புள்ளி. திருகோணமலை டவுனில் மான்கள் மனிதரைப் போலத்தான் தெருவில் நடக்கும். திறந்த படலையைக் கண்டால் மனிதரை விட உரிமையோடு உள்ளே வரும். மீன் வாங்கிய அவசரத்தில் அவர் படலையைக் கொளுவவில்லை. கொம்பன் ஒன்று நிதானமாக நுழைந்து, கீரைப் பாத்தியைப் பார்த்து நின்றது.

அந்தப் பாத்தி தவமலரின் உயிர். அந்த மானோடு அவளுக்குப் பல வருடப் பகை.

அவளும் கண்டாள். உடம்பு முன்னால் போனது. சால்வை இறுகியது. கதிரையின் பின்னங்கால் நிலத்தை விட்டு ஒரு விரல் எழும்பியது. அருளம்பலம் யன்னலடியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். துரத்தமாட்டார். இதற்காகத்தான் காலையில் இருந்து சூடை நாற்றத்தோடு நிற்கிறார். மான் முதல் வாய் கடித்தது.

"உன்ர கீரை போகுது, மலர்."

தவமலர் மானைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். பிறகு கதிரையின் கால்கள் மெதுவாக நிலத்துக்கு வந்தன. அவள் பின்னால் சாய்ந்தாள்.

"அது என்ர கீரை இல்லை," என்றாள். "நான் இன்னும் கொஞ்ச நேரத்தில மெல்பேர்ணில இறங்கப் போறவள். மூண்டு மாதத்துக்கு அது உங்கட கறி."

மான் இரண்டாவது வாய் கடித்தது. அருளம்பலத்தின் கைக்கட்டு தானாக அவிழ்ந்தது. தும்புத்தடியைத் தூக்கிக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டி, தெருமுனை வரை துரத்தினார். திரும்பி வந்து படலையைக் கொளுவி, மிஞ்சிய பாத்திக்குத் தண்ணீர் ஊற்றி, ஒடிந்த தண்டுகளைப் பொறுக்கிக் கொண்டுவந்து கீரைக் கறியும் வைத்தார். யாரும் அவரிடம் கீரை வைக்கச் சொல்லவில்லை.

தட்டை நீட்டியபோது தவமலர் சாப்பிட்டுப் பார்த்து, "மீன் நல்லாயிருக்கு," என்றாள். அவள் சும்மா சொல்கிறவள் இல்லை. அருளம்பலத்துக்கு முகம் மலர்ந்துவிட்டது. அந்த மகிழ்ச்சியில் தான் தோற்றுக்கொண்டிருப்பதைக் கூட மறந்துபோனார்.

ஐந்தரைக்கு றஹ்மா மணிக்கூட்டோடு வந்தாள். மேலே சத்தம் போட ஒரு விமானமும் இல்லை. தவமலர் சால்வையைத் தானே அவிழ்த்து மடித்து அவர் கையில் கொடுத்தாள். முகம் குளிர்ந்து, கண் தெளிந்து, பத்து வயது குறைந்து இருந்தாள். அவர் மூன்று பேருக்கும் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். சாயம் சரியாக இருந்தது. அப்போது அவருடைய கைப்பேசி அடித்தது.

"அப்பா, என்ன, அம்மாவின்ர போன் வேலை செய்யேல்ல?" மகள் தயாளினி.

"அவ இப்பதான் இறங்கினவ."

"நீங்கள் சாப்பிட்டனீங்களே?"

"ஓம். சூடைக் கறி, பருப்பு, கீரை."

"ஆர் காய்ச்சினது?"

"வேற ஆர்? நான்தான்."

"கீரையுமோ?"

"கீரையும்தான். மானைத் துரத்தினதும் நான்தான்."

"அப்ப நல்லது அப்பா. நீங்கள் தனியச் சமாளிப்பீங்களோ எண்டுதான் எனக்கும் அம்மாவுக்கும் யோசினை. இனி அம்மாவுக்கு ரிக்கற் போடுறன்."

கைப்பேசி அவர் கையில் அணைந்தது. அருளம்பலம் தவமலரைப் பார்த்தார். தவமலர் தேத்தண்ணியைப் பார்த்தாள். ஒரே நாளில் அவள் கதிரையில் இருக்கத் தெரிந்தவள் என்று நிறுவியதும் அவர்தான், தான் சமைக்கத் தெரிந்தவர் என்று நிறுவியதும் அவர்தான். மிஞ்சியிருந்தது ஒன்றே ஒன்று. அந்தப் பாத்திரச் சத்தம். அதற்கு அவரிடம் வாதம் இல்லை. சந்தையையும் சலூனையும் காளி கோயில் வாசலையும் ஒரு கணம் நினைத்தார். போகட்டும் என்று விட்டார்.

"நானும் வாறன்," என்றார்.

"எங்க?"

"மெல்பேர்ணுக்கு. கண்ணை மூடிக்கொண்டெண்டாலும் வாறன். விசா இருக்குத்தானே."

தவமலரின் முகம் ஒரு கணம் இளகியது. பிறகு இறுகியது. "உங்களுக்கு ஏலாது."

"ஏன் ஏலாது?"

"பத்தரை மணித்தியாலம் கதிரையில இருக்க ஏலாதவை ஏறக்கூடாது. காலமை தொடங்கிப் பாக்கிறன், நீங்கள் ஒருக்காலும் இருக்கேல்ல."

"நான் சும்மாவே நிண்டனான்? வேலை கிடந்தபடியால் நிண்டனான்."

"அது சாட்டெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

"சொன்னீங்க," என்றாள் றஹ்மா. "சட்டம் எல்லாருக்கும் எண்டும் சொன்னீங்க."

அருளம்பலத்துக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. தோற்றாலும் தலை குனியாத பரம்பரை. கதிரையை இழுத்துப் போட்டார், அதில் தொப்பென்று இருந்தார், சால்வையால் தன்னைத்தானே கட்டிக்கொண்டார். "பாருங்கோ. நாளைக்கு விடியும் மட்டும் இருக்கிறன். ஆரும் என்னை எழுப்ப ஏலாது."

தவமலர் தேத்தண்ணியைக் கையில் எடுத்தாள். றஹ்மா மணிக்கூட்டைத் திருப்பிப் பிடித்தாள். அவள் உள்ளே வந்தபோது கொளுவாமல் விட்ட படலையை ஒரு கொம்பு மெல்லத் தள்ளியது. மான் உள்ளே வந்து, சுற்றிப் பார்த்து, மிச்சமிருந்த கீரையை நோக்கி நடந்தது. தவமலர் அசையவில்லை. இன்னொரு வாய் தேத்தண்ணி குடித்தாள்.

அருளம்பலம் கதிரையையும் இழுத்துக்கொண்டு முற்றத்துக்கு ஓடினார்.

"மூணு நிமிசம்," என்றாள் றஹ்மா.